ஒன்றாம் வகுப்பிலிருந்து அக்காவுக்கு

லெஸ்டர், இங்கிலாந்து,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ, மாமா, அம்மா, பிள்ளைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "ஸ்கூல்ல உனக்கு என்னதான் வேலை? டீச்சரா, ஆயாவா?" என்று கேட்டாள். சின்னவன் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதினால் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நீ சொல்லிவிடுவாய். அதோடு, இத்தனை வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள் நீ. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் டீச்சிங் அசிஸ்டென்ட். சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். இருப்பது 'இயர் ஒன்' வகுப்பில், ஐந்து முடிந்து ஆறை எட்டும் பிள்ளைகளோடு. நாலு வயது முடிந்த பிள்ளைகளைச் செப்டம்பரில் 'ரிசெப்ஷன்' என்ற வகுப்பில் சேர்க்கிறார்கள், அதற்கு அடுத்தது இது. இந்தச் சின்ன வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. எங்கள் வகுப்பில் 29 பேர். மிஸ் எல்லோருக்கும் பாடம் நடத்துவார். பின்தங்குகிற ஐந்தாறு பேரை நான் ஓரத்தில் இருக்கிற சின்ன மேஜைக்குக் கூட்டிப்போய் அதே பாடத்தை இன்னும் மெதுவாகச் செய்வேன். குளிர் கோட்டுக்கு ஜிப் போட்டுவிடுவதும், மூக்கைத் துடைத்துவிடுவதும் என் வேலைதான். ஆகவே அம்மா கேட்ட இரண்டுமே நான்தான் என்று சொல்லிவிடு.

காலையில் முதல் பாடம் ஃபோனிக்ஸ், எழுத்தின் ஒலி. நமக்கு 'ம' என்றால் ம. எழுத்தைப் பார்த்தால் ஒலி கையிலேயே இருக்கிறது. இங்கே 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலியை எழுதியாக வேண்டும். அதனால் ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று வேஷம். போன வாரம் 'ஏ' ஒலி நடந்தது. 'ரெயின்' என்பதில் ஏ, ஐ என்ற இரண்டு எழுத்து. 'ப்ளே' என்பதில் ஏ, ஒய். 'கேக்' என்பதில் ஏ ஒரு பக்கம், கடைசியில் பேசாத ஈ மறு பக்கம், நடுவில் ஒரு மெய் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு எழுத்தும் நடுவில் நிற்கிறவனுக்கு மேலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன என்று மிஸ் சொன்னார். உடனே மூன்று பிள்ளைகளை எழுப்பி அப்படியே நிற்கவைத்தார். நடுவில் நின்ற பெண் இன்றைக்கும் 'கேக்' என்ற சொல்லைப் பார்த்தால், "இதிலே நான்தான் கே" என்கிறாள்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். துடைப்பதற்குப் பழைய சாக்ஸ். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் சிலேட்டு ஞாபகம் வருகிறது. நான் எழுதிய 'ஞ'வை நீ எச்சில் தொட்டு அழித்து அழித்து மறுபடி எழுதச் சொல்வாயே.

அன்றைக்கு ஒரு பையன் 'ரெயின்' என்பதை ஆர், ஏ, ஒய், என் என்று எழுதிக் காட்டினான். நானாக இருந்தால் தப்பு என்று சொல்லியிருப்பேன். நீயும் சுழித்திருப்பாய். மிஸ், "நீ கேட்ட ஒலி எல்லாமே இதில் இருக்கிறது. ஒன்றுகூட விடவில்லை. இந்த 'ஏ' சொல்லின் நடுவில் வந்தால் பெரும்பாலும் எந்த வேஷம், கடைசியில் வந்தால் எந்த வேஷம்?" என்று கேட்டார். அவன் சாக்ஸால் ஒய்யை மட்டும் துடைத்தான். ஐ போட்டான். பலகை முழுவதையும் அழிக்கவில்லை அக்கா, ஒரே ஒரு எழுத்தைத்தான். எது சரி என்பது தெரிந்திருந்ததால்தான் எதை மாற்ற வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இதை நான் எப்போதும் மறக்க மாட்டேன்.

ஜூன் மாதம் இவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. 2012 முதல் நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையாக டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து 40 சொல் வாசிக்க வேண்டும். அதில் 20 நிஜமான சொல், 20 அர்த்தமே இல்லாத சொல். அர்த்தமில்லாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விநோதமான பிராணியின் படம் இருக்கும், அது அந்தப் பிராணியின் பேர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள். இது எதற்கு என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் இருந்து பார்த்த பிறகு புரிந்தது. நம் முதல் பாடத்தில் 'அணில்' படத்தைப் பார்த்துப் பிள்ளை 'அணில்' என்கிறது. அதற்கு 'அ' தெரிந்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். படத்தைக் கையால் மூடினால்தானே தெரியும்? அந்த அர்த்தமில்லாத சொல் அப்படி மூடுகிற கைதான். மனப்பாடமாகச் சொல்ல அங்கே எதுவும் கிடையாது. இதில் தேறாதவர்கள் அடுத்த வருஷம் திரும்ப வாசிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது பரீட்சை என்றே தெரியாதபடி நடத்துவதுதான் சாமர்த்தியம். எங்கள் மிஸ்ஸுக்கு அது நன்றாக வரும்.

கணக்கு உனக்குப் பிடிக்கும். பத்துக் கட்டம் போட்ட அட்டை, ஒரு வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் மஞ்சளாக வில்லைகள். ஏழு வைத்தால் மூன்று கட்டம் காலியாக இருப்பது எண்ணாமலே கண்ணில் படும். ஏழுக்கு எத்தனை சேர்ந்தால் பத்து என்பதை வாய்ப்பாடாக ஒப்பிக்காமல் இப்படிப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். சரியான விடை சொன்னாலும் மிஸ் விடமாட்டார், "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் முழித்தார்கள். இப்போது அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் சின்ன மேஜையில் பெரிய தொல்லை 13-ம் 30-ம். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் பாதிப் பிள்ளைகளின் காதில் ஒன்றாகவே விழுகின்றன. 'லெவன்' என்ற எண்ணுக்குள் பத்து இருப்பது எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? நம் பதினொன்றிலும் பதின்மூன்றிலும் பத்து காதிலேயே கேட்கிறது. சின்னவன் தமிழில் எண்ணியபோதுதான் இதை நான் கவனித்தேன். அவன் எண்பதுவரைக்கும் விறுவிறுவென்று வந்துவிட்டு, தொண்ணூறில் நின்றான். "எட்டுக்கு எண்பது, ஒன்பதுக்கு ஏம்மா தொண்ணூறு? நூறு இன்னும் வரலையே?" நான் இத்தனை வயதில் கேட்காத கேள்வி. உனக்குப் பதில் தெரிந்தால் எழுது, அவன் காத்திருக்கிறான்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளி முழுவதும் பெரிய ஹாலில் தரையில் உட்காரும். வகுப்புக்கு ஒருவரை முன்னால் அழைத்து, அந்த வாரம் செய்ததற்காக ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். பெற்றோர் பின்னால் பெஞ்சில் இருப்பார்கள். சாயங்காலம், அந்த வாரம் வகுப்பில் என்னென்ன கற்றார்கள், அடுத்த வாரம் என்ன வரப்போகிறது என்று வீட்டுக்கு ஒரு பக்கத் தகவல் போகும். இங்கே அநேகமாக எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் இப்படி ஏதாவது ஒன்று உண்டு.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் பெரியவன் வேறு ஒரு பள்ளியில் ரிசெப்ஷனில் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சான்றிதழோடு வந்தான். கெட்டியான தாள், ஓரமெல்லாம் தங்க நட்சத்திரம். 'சூப்பர் ஸ்டாராக இருந்ததற்காக' என்று எழுதியிருந்தது. உங்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினேனே, அதுதான். அன்று ராத்திரி படுக்கும்போது அவன் கேட்டான், "அம்மா, நான் என்ன செஞ்சேன்?" எனக்குப் பதில் இல்லை. திங்கட்கிழமை வகுப்பு வாசலில் கேட்டேன். "எல்லோருக்கும் முறை வரும், இந்த வாரம் அவனுடைய முறை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பிள்ளை என்ன செய்தான் என்று தெரிந்திருந்தால் அவன் அதைத் திரும்பவும் செய்திருப்பான் இல்லையா? அவன் கையில் வெறும் நட்சத்திரம்தான் இருந்தது.

எங்கள் மிஸ்ஸும் முறை வைத்துத்தான் கொடுக்கிறார். வருஷத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் வந்தாக வேண்டும் என்பதில் கண்டிப்பு, கெட்டிக்காரர்களே திரும்பத் திரும்பப் போய் நிற்கக் கூடாது. ஆனால் இன்னும் வாங்காதவர்களின் பேரை ஒரு பட்டியலாக மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். திங்கட்கிழமையே என்னிடம், "இவர்களை இந்த வாரம் நன்றாகப் பார்" என்பார். பார்க்க ஆரம்பித்தால் கிடைக்காமல் போவதில்லை. 5-ஐத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவன் தானே பார்த்துத் திருத்தியது, கதை எழுதும்போது முதல்முறையாக ஒரு பெண் முற்றுப்புள்ளி வைத்தது, எல்லாவற்றையும் சான்றிதழில் அப்படி அப்படியே எழுதுவோம். "அருமை", "வெரி குட்" எல்லாம் எங்கள் வகுப்பில் தனியாக நிற்கக் கூடாது. எதற்காக என்பதும் கூடவே வர வேண்டும்.

செப்டம்பரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பேரை எழுத மாட்டேன், பிள்ளைகளின் பேரை வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. வீட்டில் ஆங்கிலம் கிடையாது, நம் மொழியும் இல்லை. வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. காலையில் பேர் கூப்பிட்டால் ஷூவையே பார்ப்பான். மிஸ் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் இப்படிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது சகஜம், அது சேர்த்துவைக்கிற காலம் என்றார். உண்மைதான். "மூணு மஞ்சள் வை" என்றால் சரியாக மூன்று வைப்பான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சின்ன மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். 'கோட்' என்ற சொல்லை அட்டையில் எழுதி வைத்தேன். தனி எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி, இரண்டு எழுத்து சேர்ந்து ஒரு ஒலி தந்தால் கீழே ஒரு கோடு, இது எங்கள் வழக்கம். அவன் விரலைப் புள்ளியில் வைத்தான், கோட்டின் மேல் இழுத்தான், மறுபடி புள்ளியில் வைத்தான். உதடு அசைந்தது. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோட்" என்றான். சொல்லிவிட்டுத் திரும்பி, கொக்கியில் தொங்குகிற தன் நீலக் கோட்டைக் கை நீட்டிக் காட்டினான். அக்கா, எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்த வாரச் சான்றிதழ் அவனுக்குத்தான். 'ஒரு சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, சேர்த்து, தானே வாசித்து, அதன் பொருளையும் காட்டியதற்காக' என்று எழுதினோம். ஆனால் மிஸ் அவனை ஹாலில் முன்னால் அழைக்கவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தால், இப்போதுதான் திறந்த வாய் மூடிக்கொள்ளும் என்று பயந்தார். சாயங்காலம் வகுப்பு வாசலில் அவன் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பையனின் கோட்டைத் தொட்டுக் காட்டி, பிறகு அவன் வாயைக் காட்டினேன். அவர் குனிந்து ஜிப்பைப் பிடித்துக்கொண்டு அவனிடம் தன் மொழியில் ஏதோ கேட்டார். அவன் "கோட்" என்றான். இந்தத் தடவை எனக்கு இல்லை, அவருக்கு.

அன்றிலிருந்து காலையில் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறான். இன்னும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவசரமில்லை.

நாளைக்கு மறுபடி வெள்ளி. இந்த வாரம் இரண்டு பேருக்குள் முடிவாகவில்லை. எட்டும் இரண்டும் பத்து என்றால் இரண்டும் எட்டும் பத்துதான் என்று அட்டையைத் திருப்பிவைத்து நிரூபித்த ஒரு பெண். பக்கத்தில் இருக்கிறவனுக்கு விடையைச் சொல்லாமல், "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டு அவனையே கண்டுபிடிக்கவைத்த ஒரு பையன். நான் பையன் பக்கம். மிஸ் காலையில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

2022-ல் நம் ஊர் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கிற விதத்தை நீ போனில் விளக்கினாய். நான் அப்போது அரைக்காதில் கேட்டேன், மன்னித்துக்கொள். இப்போது முழுசாகக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. இந்த வாரம் உன் வகுப்பில் அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்ந்த பிள்ளை யாராவது உண்டா? அது எந்தச் சொல்லை வாசித்தது, விரலை எங்கே வைத்தது, உன்னைப் பார்த்ததா புத்தகத்தைப் பார்த்ததா, எல்லாம் எழுது. பேர் வேண்டாம்.

உன் அன்புத் தங்கை