ஒட்டிய கன்னத்துக்கு க்ரீம் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எடை குறைந்த பிறகு முகப்பொலிவை மீட்பது எப்படி என்று உங்கள் நலவாழ்வு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், கொலாஜன் க்ரீம் தடவுங்கள், கீழிருந்து மேலாக மசாஜ் செய்யுங்கள். அவ்வளவுதான் கட்டுரை. தூங்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் உடம்பில் கால்வாசி எடையை இறக்கிவிட்டு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்த சந்தோஷத்தோடு கண்ணாடியைப் பார்த்தால் அதில் வேறு யாரோ வயசான ஆள் நிற்கிறார் என்று திகைப்பவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், அதனால்தான் இந்தக் கடிதம்.

இடுப்பு இறங்கியதை யாரும் கவனிப்பதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன, உடம்புக்கு முடியலையா? கன்னமெல்லாம் டொக்கு விழுந்துடுச்சே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மையில் விழுந்துதான் இருக்கிறது. முன்பெல்லாம் கன்னத்தின் மேல் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடி இப்போது தாங்க ஆளில்லாமல் மூக்கில் வழுக்கிக்கொண்டே வருகிறது. தாடை ஓரத்தில் தோலைக் கிள்ளி இழுத்தால் விரலோடு வருகிறது, விட்டால் மெதுவாகத்தான் திரும்பிப் போகிறது.

கட்டுரை குழப்பியது இந்த இடத்தில்தான். முகம் வாடித் தெரிவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன: உள்ளே கொழுப்பு வற்றியது ஒன்று, மேலே தோல் மிஞ்சிப்போனது இன்னொன்று. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு உதவாது, சில நேரம் கெடுத்தே விடும். முகத்துக் கொழுப்பு ஒரே போர்வையாக விரிந்து கிடப்பதில்லை, தனித்தனி அறைகளாக, மேலடுக்கிலும் ஆழத்திலும் பிரிந்து இருக்கிறது. ராட் ரோரிக், ஜோயல் பெஸ்ஸா என்ற இரண்டு மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் சாயம் ஏற்றிப் பார்த்து 2007-ல் இதை எழுதினார்கள். கண்ணுக்குக் கீழே, நெற்றிப்பொட்டில், நடுக்கன்னத்தில் என்று அந்த அறைகள் வற்ற வற்ற, மேலே இருக்கும் தோலுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் போகிறது. தோல் தானாகச் சுருங்கக் கூடாதா என்றால், இளவயதில் ஓரளவு சுருங்கும். ஆனால் அதற்கு வேண்டிய எலாஸ்டின் நாரைப் பெரும்பாலும் சின்ன வயதிலேயே உடம்பு செய்து முடித்துவிடுகிறது, பிறகு வெயிலும் சிகரெட்டும் வயதும் அதைத் தேய்க்கத்தான் செய்கின்றன. 25 வயதில் மீளும் முகம் 50-ல் அதே அளவு மீளாததற்குக் காரணம் இதுதான், க்ரீம் தடவாமல் விட்டதல்ல.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் கைக்கண்ணாடியைப் பிடியுங்கள். தோல் காதுப்பக்கம் சரிந்து தாடைக்கோடு பளிச்சென்று தெரிந்தால் மிஞ்சிய தோல்தான் பெரிய பிரச்சினை. படுத்த பிறகும் கண்ணுக்குக் கீழே குழி குழியாகவே இருந்தால் உள்ளே வற்றியதுதான் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். (உட்கார்ந்து தலையைக் குனிந்து அதே கண்ணாடியில் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் பத்து வயது கூடும்!)

க்ரீமுக்கு வருகிறேன். கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். அதன் மூலக்கூறு பெரியது, மேலே தடவினால் தோலைத் தாண்டி உள்ளே போய்க் கன்னத்தை நிரப்பாது. ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை மருந்துகளை மாதக்கணக்கில் போட்டால் மெல்லிய சுருக்கங்கள் குறையும், அது உண்மை. சன்ஸ்கிரீனும் உண்மை: 2013-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், தினமும் போட்டவர்களின் தோல் நாலரை வருடத்தில் கண்டுபிடிக்கிற அளவுக்கு மூப்படையவில்லை. முகப் பயிற்சியைக் கேலி செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018-ல் அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை 20 வாரம் பயிற்சி செய்ய வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள், கன்னம் கொஞ்சம் நிறைந்து, பார்ப்பவர்கள் கணித்த வயது 50.8-லிருந்து 48.1 ஆனது. ஆனால் முடித்தவர்கள் வெறும் 16 பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. செய்வதால் செலவில்லை, செய்யலாம், தொங்குகிற தோல் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஊசி. குழியை நிரப்ப ஊசியால் ஏற்றும் பொருளை ஃபில்லர் என்கிறார்கள். அதில் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் 6 முதல் 18 மாதம் வரை தாங்கும், பிடிக்காவிட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தைச் செலுத்திக் கரைத்துவிடலாம். வற்றிய இடத்துக்கு அளவோடு போட்டால் அழகாகவே இருக்கும். தொங்குகிற தோலைத் தூக்குவதற்காக அதையே மேலும் மேலும் ஏற்றினால் முகம் வீங்கிய தலையணை மாதிரி ஆகிவிடும், இளமை வராது. பாலி லாக்டிக் அமிலம் இன்னொரு வகை. அது உடம்பையே கொலாஜன் செய்யத் தூண்டுகிறது, பல தடவை போட வேண்டும், பலன் மெதுவாக வரும். இதற்கு அமெரிக்காவில் முதலில் 2004-ல் அனுமதி கிடைத்தது எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஒடுங்கிய கன்னங்களுக்காக. முகத்தைச் சரிசெய்ய நினைப்பவரை 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு' என்று கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். சொந்தக் கொழுப்பையே எடுத்து முகத்தில் வைக்கிறார்கள், அதில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, பிறகு எடை மாறினால் அதுவும் மாறும்.

தோல் நிறைய மிஞ்சிவிட்டது என்றால் நேர்மையான பதில் ஃபேஸ்லிஃப்ட்தான், தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கையும் சேர்த்து இழுத்துக் கட்டும் அறுவை சிகிச்சை. பலருக்கு அதோடு கொஞ்சம் நிரப்பவும் வேண்டியிருக்கும், ஏனென்றால் வற்றிய முகத்தை வெறுமனே இழுத்தால் எலும்புதான் துருத்தும். இதில் அவசரமே கூடாது. எடை ஓரிடத்தில் நின்று ஏறக்குறைய 6 மாதமாவது ஆகட்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை, இன்னும் ஐந்தாறு கிலோ இறங்கினால் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பில் காயம் ஆறாது, எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இழுத்துக் கட்டிய தோல் ரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போகும் அபாயமே உண்டு.

'ஒசெம்பிக் முகம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஒசெம்பிக் என்பது எடையைக் குறைக்கும் செமாக்ளூடைடு என்ற மருந்தின் வணிகப் பெயர். அந்த மருந்து முகத்தைத் தேடிப்பிடித்து உறிஞ்சுவதாகப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். செமாக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் போனது. உணவைக் குறைத்தோ அறுவை சிகிச்சையிலோ அதே அளவு போனாலும் கன்னம் ஒட்டத்தான் செய்யும். முகம் போய்விடுமே என்று பயந்து யாராவது மருந்தைத் தானாக நிறுத்தினால் அந்தத் தலைப்புக்கும் அதில் பங்குண்டு. எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரே கேள்வி: அது கன்னத்தில் மட்டும் போய் உட்காரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

கடைசியாக, கட்டுரைக்குப் பக்கத்திலேயே 'ஒரே அமர்வில் இளமை' என்று ஒரு ஊசி விளம்பரம். ஃபில்லர் தவறிப்போய் ரத்தக் குழாயை அடைத்தால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம் என்ற வரி விளம்பரத்திலும் இல்லை, கட்டுரையிலும் இல்லை. விளம்பரம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, பத்திரிகை நடக்க வேண்டும், சரி. அடுத்த முறை பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஊசி போடப்போவது மருத்துவரா, உள்ளே போகும் பொருளின் பெயர் என்ன, அது கரையக்கூடியதா, கரைக்கும் மருந்து அதே அறையில் இருக்கிறதா, பார்வை மங்கினால் அந்த நிமிடமே என்ன செய்வார்கள் என்று வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்விகளையாவது அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்