அச்சை அவசரப்பட்டு வெட்டாதே

மக்களே,

உன் கடிதம் வந்தது. சனிக்கிழமைதோறும் நீ போகிற அந்த மியூனிக் பட்டறையில் உனக்கென்று ஒரு மேசை ஒதுக்கிவிட்டார்கள் என்று படித்ததும், அடுக்களையில் நின்ற அம்மையைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மார்த்தாண்டத்தில் நம் தெருவில் ஆசாரி வீட்டுப் பெண்பிள்ளை உளி எடுத்தாள் என்றால் அது நீதான். இப்போது வயலினே செய்யப் போகிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதி முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் உன்னைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பாட்டாவின் வயலினைக் காகிதத்தில் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கப் பலகைகளைச் சுற்றி வளைத்து நிறுத்துகிற அச்சை அந்தக் கோட்டிலேயே அறுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே.

வயலினின் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் பக்கப் பலகையைத் தாண்டி இரண்டரை எம்.எம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கப் பலகையின் கனம் ஒரு எம்.எம். அச்சு அதற்கும் உள்ளே உட்காருகிறது. ஆக, நீ போட்ட கோட்டிலிருந்து மூன்றரை எம்.எம். உள்ளே தள்ளித்தான் அச்சின் ஓரம் வரவேண்டும். கோட்டிலேயே அறுத்தால் வயலின் அகலத்தில் ஏழு எம்.எம். பெருத்துவிடும். அது மட்டுமல்ல, பாட்டா அதைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தைப் பாதத்தில் ஊன்றி, காலமெல்லாம் வாசித்தவர். கை ஏறி இறங்கிய பக்கத்தில் தோள் ஓரம் தேய்ந்து வழுவழுத்திருக்கிறது. அந்தத் தேய்மானம் பாட்டாவினுடையது. அது புது வயலினுக்குப் போக வேண்டாம்.

அதனால் பாதிதான் வரையணும். வயலினின் நடுக்கோட்டைப் பிடித்து, தேயாத பக்கத்தை மட்டும் அளந்து, மெல்லிய அலுமினியத் தகட்டிலோ அக்ரிலிக்கிலோ ஒரு பாதி டெம்ப்ளேட் வெட்டு. நடுக்கோட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சின்னத் துளை. பலகையில் நடுக்கோடு கீறி, துளைகளில் ஆணி செருகி ஒரு பக்கம் வரை. அப்புறம் டெம்ப்ளேட்டைத் திருப்பிப் போட்டு, அதே ஆணிகளில் மாட்டி மறுபக்கம் வரை. இரண்டு பக்கமும் தானாக ஒன்றாகிவிடும். முழு அளவு வயலினின் உடம்பு நீளம் பெரும்பாலும் 355 எம்.எம். ஒட்டித்தான் இருக்கும், உன் அளவு அதைவிட்டு ரொம்ப விலகினால் மறுபடி அளந்து பார்.

என்ன மரம் என்று கேட்டிருந்தாய். ஸ்ட்ராடிவாரி வால்நட் பலகையில்தான் அச்சு செய்தார். அவர் 1737-இல் காலமானார், அந்த அச்சுகள் இன்றும் இருக்கின்றன. ஃபியோரினி என்கிற வயலின் ஆசாரி அவற்றை வாங்கிக் காப்பாற்றி 1930-இல் கிரிமோனா ஊருக்கே கொடுத்துவிட்டார். அங்குள்ள வயலின் அருங்காட்சியகத்தில் நீ நேரில் போய்ப் பார்க்கலாம், கட்டாயம் பார். ஆனாலும் உனக்கு நான் சொல்வது நல்ல பிளைவுட், 14 எம்.எம். கனத்தில். ஒற்றைப் பலகை குறுக்கில் விரிந்து சுருங்கும். இடவப்பாதி மழையில் நம் வாசல் கதவு எப்படி இறுகும் என்று உனக்குத் தெரியும். அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கி வைப்பதால் மரம் காய்ந்து சுருங்கும். பிளைவுட் அவ்வளவு அசையாது. அறுத்து முடித்ததும் அரக்கு பாலிஷ் கொடு.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு எம்.எம். விட்டு அறு, மீதியை அரத்தாலும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளாலும் கொண்டுவா. நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை அச்சை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஓரத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார். இழை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் விடாதே. இடுப்பு வளைவில்தான் அரம் சாயும். உன் கைக்குத் தெரியாது, மூலைமட்டத்துக்குத் தெரியும். ஓரம் சாய்ந்தால் அதைச் சுற்றி வளைகிற பக்கப் பலகையும் சாயும், மேல்பக்க உருவம் ஒன்றாகவும் அடிப்பக்க உருவம் வேறாகவும் போகும். பிறகு நீ எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

பக்கப் பலகைகளை உள்ளிருந்து இணைத்துப் பிடிக்கிற கட்டைகள் மொத்தம் ஆறு: தலையில் ஒன்று, அடியில் ஒன்று, நாலு மூலைக்கு நாலு. அதற்கான வெட்டுகளை அச்சில் துல்லியமாக எடு. வில்லோ மரமோ ஸ்புரூஸ் மரமோ போதும். கட்டையில் நார் மேலிருந்து கீழாக ஓடட்டும். கட்டையை அச்சில் ஒட்ட வஜ்ஜிரப் பசை ஒரு சொட்டுத்தான், அதற்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் லேசாகத் தட்டினால் அச்சு கழன்று வரவேண்டும். மற்ற ஓரம் முழுக்க மெழுகு தேய்த்துவிடு, பசை வழிந்தாலும் பிடிக்காது. கிளாம்ப் நுழைய ஒவ்வொரு கட்டைக்கும் எதிரே ஒரு துளை போட மறக்காதே.

பக்கப் பலகையின் உயரம் 30 எம்.எம். 14 எம்.எம். அச்சை நடுவில் வைத்தால் மேலும் கீழும் எட்டு எட்டு எம்.எம். காலியாக இருக்கும். பக்கப் பலகையின் உள் ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய பட்டைக்கு அந்த இடம்தான். ஒரு பக்கப் பட்டைகளை ஒட்டி, கீழ்ப்பலகையையும் ஒட்டி, அச்சைக் கழற்றிவிட்டு மறுபக்கப் பட்டைகளை ஒட்டினால் அச்சு சிக்காது. பிரான்சில், பக்கப் பலகை அச்சுக்கு உள்ளே உட்காருகிற வெளி அச்சு பழக்கம், அதுவும் நல்ல முறைதான். முதல் வயலினுக்கு உள் அச்சே செய். தப்பு எங்கே என்று கண்ணுக்கு நேரே தெரியும்.

உங்கள் ஊரில் வயலின் எப்போதிருந்து என்று அந்தப் பட்டறைக்காரர் கேட்டாராமே. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து என்று சொல். அவர் 1786-இல் பிறந்தவர். தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தாலான வயலினே பரிசு கொடுத்தார். நாம் பஸ் ஏறிப் போகிற திருவனந்தபுரத்தில்தான். 1956 வரை நம் ஊரும் அந்தப் பக்கத்தோடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்.

டெம்ப்ளேட் வெட்டியதும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் அனுப்பு. நான் பார்த்துப் பதில் போடும்வரை பிளைவுட்டில் வாள் வைக்காதே. பக்கப் பலகை வளைப்பதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது. அம்மை நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்
அப்பா