பொம்மைக்கு ஒரு பொத்தான்

அன்புள்ள தோழிக்கு,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்றுதான் பதில். மன்னிப்பெல்லாம் நேரில் கேட்கிறேன். உன் அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? பச்சைக் குடை இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கையும் நேரில் வைத்துக்கொள்வோம்.

சின்னவளுக்கு ரத்தப் புற்றுநோய். சுற்றி வளைத்து எழுதிப் பார்த்து இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

ஒரு மாதமாகவே கால் வலிக்கிறது, தூக்கு என்றாள். நான்கு வயதுப் பிள்ளை தூக்கச் சொன்னால் செல்லம் கொஞ்சுகிறது என்றுதானே நினைப்போம்? முதலில் காட்டிய இடத்திலும் வளர்கிற வயது, அப்படித்தான் வலிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்புறம் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உதடு வெளுத்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், எங்கும் விழாமலே முதுகிலும் தொடையிலும் கன்றிக் கன்றி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த அன்றே படுக்கை கொடுத்துவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்து நேற்று உறுதியாகச் சொன்னார்கள்.

நாளை மறுநாள் சிகிச்சை தொடங்குகிறது. மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்று ஒரு சின்ன டப்பியை வைப்பார்கள். அதிலிருந்து ஒரு குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும். இனி மருந்து ஏற்றுவதும் ரத்தம் எடுப்பதும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். தினமும் கையில் நரம்பு தேடிக் குத்த வேண்டாம். அதே மயக்கத்தில் முதுகுத்தண்டிலும் மருந்து போடுவார்கள். ரத்தத்தில் ஏற்றும் மருந்து மூளைப் பக்கம் சரியாகப் போய்ச் சேராதாம். நோய் அங்கே ஒளிந்துகொள்ள விடக்கூடாது என்றார் டாக்டர். முதல் கட்டம் நான்கைந்து வாரம். அதன் முடிவில் மறுபடி மஜ்ஜையைப் பார்ப்பார்கள். மொத்தம் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பிற்பகுதி பெரும்பாலும் வீட்டில் கொடுக்கும் மாத்திரைதான்.

பிழைப்பாளா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் கேட்டிருக்கமாட்டேன், வாயே வரவில்லை. நல்ல சிகிச்சை முழுதாகக் கிடைக்கும் இடங்களில் இந்த வகைக்குப் பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள் என்றார் டாக்டர். 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் முதன்முதலாக மருந்து கொடுத்துச் சில குழந்தைகளுக்கு இந்த நோயை ஒதுங்க வைத்தாராம். ஒதுங்கியது, சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சில மாதங்களே அன்றைக்குப் பெரிய செய்தி. அந்த அம்மாக்களைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டதில்தான் என் பிள்ளைக்கு இன்று மருந்து இருக்கிறது.

சரி, எனக்கு உண்மையில் ஆட்டம் கண்டது இதிலெல்லாம் இல்லை. அவளிடம் என்ன சொல்வது என்பதில்தான். வீட்டில் எல்லாரும் ஒரே குரலாக, குழந்தைக்கு எதுவும் தெரிய வேண்டாம், காய்ச்சல் என்றே சொல்லு என்றார்கள். அந்தப் பெயரை நாக்கில் எடுக்காதே என்றுகூடச் சொன்னார்கள். வார்டில் இருக்கும் மூத்த நர்ஸ்தான் என்னை உட்கார வைத்துப் பேசினார். நாம் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் 'நான் செய்த தப்பு' என்பதாகத்தான் இருக்கும் என்றார். நோயின் பெயரைச் சொல்லுங்கள், வலிக்கும் ஊசியை வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் உங்கள் எந்தச் சொல்லையும் நம்பமாட்டாள் என்றார்.

நேற்றிரவு அவளுடைய துணிப்பொம்மையை எடுத்து, நெஞ்சில் சட்டைக்கடியில் ஒரு பொத்தானை வைத்துத் தைத்தேன். நீ பார்த்திருந்தால் தையலைப் பிரித்து மறுபடி போடச் சொல்லியிருப்பாய். காலையில் அவள் விரலை அதன்மேல் வைத்து, உனக்கும் இப்படி ஒன்று வைப்பார்கள், அதன் வழியாக மருந்து உள்ளே போகும் என்றேன். ரத்தத்தில் சில அணுக்கள் சரியாக வளராமல் கூட்டம் போட்டிருக்கின்றன, அதற்குப் பெயர் லுகேமியா என்றேன். முடி கொட்டும், மறுபடி வளரும் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்மைக்கும் முடி கொட்டுமா?" என்றாள். கொட்டாது என்றேன். "அப்போ அதுக்கு நான் தொப்பி தரமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

பெரியவன்தான் அப்படி இல்லை. கேட்டுக்கொண்டே நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவரிடம் போய், "நான் கட்டில்லேர்ந்து தள்ளிவிட்டதாலா அப்பா?" என்று கேட்டிருக்கிறான். எட்டு வயதுப் பையன். எத்தனை நாளாக அதைச் சுமந்தானோ. யாராலும் வந்ததில்லை, யாரையும் தொற்றாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சரி என்றானாம். நம்பினானா என்று தெரியவில்லை.

வீட்டில் அவர் ஒரே பரபரப்பு. வாய் புண்ணாகும் என்பதால் மிருதுவான பல்துலக்கி, இரண்டு வெப்பமானி, சமையலறைச் சுவரில் அவசர எண்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளை அணு குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, உள்ளே தொற்று வளர்வது தெரியாமல் போகும். ஸ்டீராய்டு தொடங்கினால் அகோரப் பசி, கூடவே கண்மண் தெரியாத கோபம் வருமாம். அது மருந்தின் கோபம், அவளுடையது இல்லை என்று இப்போதே எனக்கு நானே சொல்லிவைக்கிறேன்.

நீ என்ன செய்யட்டும் என்று கேட்பாய், தெரியும். இங்கே வார்டுக்கு வராதே. சளி இருமல் உள்ள ஒருவரும் கிட்டே வரக்கூடாது, உன் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டிருப்பீர்கள். பெரியவனைப் பார்த்துக்கொள். சனிக்கிழமை அவனை உன்னிடம் அழைத்துப்போ, இரண்டு நாள் வைத்துக்கொள். உன் பிள்ளைகளுடன் கத்தட்டும், ஓடட்டும். பாவம் என்று தலையைத் தடவாதே, அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். கட்டில் விஷயத்தை நீயாக எடுக்காதே. விளக்கை அணைத்த பிறகுதான் அவன் பேசுவான். அப்போது பக்கத்தில் படுத்திரு.

உன்
பழைய அறைத்தோழி

பி.கு.: அந்தக் குடையை அவனிடம் கொடுத்தனுப்பு. இனி மழையானாலும் வெயிலானாலும் வாராவாரம் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டும்.