செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் 23 உறுப்பினர்களே, வராமல் வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் நகர் நலச் சங்கம் செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் சுருக்க முடியாது. அது பிள்ளைகளுக்குப் பிரஷர் பார்த்த முகாம் என்று உங்களுக்கே தெரியும்.

செயற்குழு 9 முறை கூடியது. அதில் 3 முறை கூட்டம் நடத்தப் போதிய பேர் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. முதல் பரிசு பற்றிய மனத்தாங்கல் இன்னும் இரண்டு வீடுகளில் இருக்கிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, பின்தெரு வீடுகளுக்கு இரண்டு நாள் சாப்பாட்டுப் பொட்டலம் போனது. அன்று முழங்கால் தண்ணீரில் நடந்த பையன்கள் யாரும் சந்தா கட்டும் வயதில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

இனி, பிள்ளைகளுக்குப் பிரஷர் பார்த்த முகாம். இதற்காக ரூ.4,350-க்கு ஒரு கருவியும் கையில் சுற்றும் பட்டை மூன்று அளவிலும் வாங்கினேன். "செயலாளர் வீட்டுக் கதையைச் சங்கத்தின் தலையில் கட்டுகிறார்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். ஏழு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். அந்த ஏழில் ஐந்து பேர் சந்தா பாக்கி. சரி, வீட்டுக் கதைதான். முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு 14 வயது. முதலில் தலைவலி என்றாள், கண்ணாடி போட்டோம். இளைத்தாள், இந்த வயதுப் பெண்கள் சாப்பிடுவதில்லை என்றார்கள். சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும். "ஜடை பின்னும்போது இடது கை தானா விழுந்துடுது தாத்தா" என்றாள். போனைப் பிடித்துப் பிடித்து வந்த வலி என்று நானே திட்டினேன். ஒரு கிளினிக்கில் பிரஷரும் பார்த்தார்கள். இடது கையில், பெரியவர்களுக்கு உள்ள பட்டையைச் சுற்றி. 110/70, நார்மல். இப்படியே எட்டு மாதம் போயிற்று.

போன ஆடிப்பூரத்தன்று நம் கடைசி வீட்டு நர்ஸ் அம்மா தெருப் பெண்பிள்ளைகளுக்கு வளையல் போட்டுவிட்டார். ஓய்வு பெற்றாலும், மணிக்கட்டைப் பிடித்தால் விரல் தானாக நாடிக்குப் போகும் அவருக்கு. பேத்தியின் இடது கையில் நாலு வளையல் ஏறியதும் அப்படியே நிறுத்தினார். வளையலைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார். நாடி தட்டவில்லை. வலது கையில் துள்ளியது. வீட்டிலிருந்து கருவியை வரவழைத்தார். வலது கையில் மேல் அளவு 162, இடது கையில் 104. பேச்சே இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் புதுச்சேரி, ஜிப்மர்.

நோயின் பெயர் டகாயசு. ரத்தக்குழாய் அழற்சியில் ஒரு வகை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் வீங்கி, சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். பெண்களுக்குத்தான் அதிகம், பத்து வயதுக்கு மேல் தொடங்கி இளம் வயது வரை தலைகாட்டும். குறுகிய வழியில் போகும் ரத்தம் குறைவதால் அந்தக் கையில் அளந்தால் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். பேத்திக்கு ஒரு சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் குறுகியிருந்தது. ரத்தம் போதவில்லை என்றதும் சிறுநீரகம், உடம்பு முழுவதற்கும் பிரஷர் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதை ஏற்றும் வேலையைத் தொடங்கிவிடுமாம். ஆக உள்ளே ஏறிக்கொண்டிருந்த பிரஷரை, அது தெரியவே தெரியாத கையில், ஒல்லிக் கைக்குப் பொருந்தாத பட்டையில் அளந்திருக்கிறோம். பட்டை பெரிதானால் அளவு குறைத்துக் காட்டும், சிறிதானால் கூட்டிக் காட்டும். 40 வருடம் தபால் துறையில் எடை போட்டவன் நான். தராசு தப்பென்றால் தபால்தலையும் தப்பு என்பது எனக்கு இங்கேதான் உறைக்கவில்லை.

இந்த நோயை 1908-இல் எழுதிவைத்த மிகிட்டோ டகாயசு ஜப்பானியக் கண் மருத்துவர். ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை போலச் சுற்றியிருந்ததைப் பார்த்தாராம். நாங்களும் கண்ணுக்குத்தான் முதலில் போனோம். கண்ணாடியோடு திரும்பினோம்.

இப்போது அழற்சியை அடக்க ஸ்டீராய்டும், வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்ஸேட்டும், கூடவே பிரஷர் மாத்திரையும். வாராந்திர மாத்திரையைத் தவறி தினமும் போட்டுவிட்டால் ஆபத்து. அதனால் காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் சிவப்பில் சுழித்திருக்கிறேன். ஸ்டீராய்டில் முகம் உப்பியது. பள்ளியில் ஒரு பட்டப்பெயர் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். நம் தெருவிலேயே இரண்டு பேர் "அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து பாருங்கள்" என்று சொன்னார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான். ஒருவர் என் மகளிடம் இது ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டாது. அவர் இன்று வரவில்லை. வந்திருந்தால் இன்னும் மரியாதையாகச் சொல்லியிருப்பேன்.

இது ஒன்றுதான் என்றில்லை. நடுத்தெருவில் 11 வயதுப் பையனுக்கு அக்டோபரில் காலெல்லாம் செம்புள்ளி வந்ததும் டெங்கு என்று தெருவே பயந்தது. ஆனால் டெங்குவில் குறையும் தட்டணுக்கள் சரியாக இருந்தன. தடவினால் மேடு தட்டும் புள்ளி, மூட்டு வலி, வயிற்று வலி. அது சின்ன ரத்தக்குழாய்களில் வரும் அழற்சி. ஐ.ஜி.ஏ வாஸ்குலைட்டிஸ் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருவதில் இதுதான் அதிகம். சளி, தொண்டை வலிக்குப் பின்னால் வரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் சிறுநீரகத்தைத் தொடலாம் என்பதால் புள்ளி மறைந்த பிறகும் ஆறு மாதமாவது சிறுநீர்ப் பரிசோதனையும் பிரஷரும் பார்க்க வேண்டும். அவன் அம்மா சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். கவாசாகி என்று இன்னொரு ரத்தக்குழாய் அழற்சி. ஐந்து வயதுக்குக் கீழே அதிகம் என்பதால் பெரிய பிள்ளைகளுக்கு வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஐந்து நாளாக விடாத காய்ச்சலும் சிவந்த கண்ணும் வெடித்த உதடும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பில் ஏற்றினால் இதயத்தின் குழாய்கள் வீங்கும் ஆபத்து பெரிதும் குறையும்.

முகாம் ஜனவரியில் இரண்டு ஞாயிறு நடந்தது. நம் நகரில் 10 முதல் 18 வயது வரை சுமார் 140 பிள்ளைகள். வந்தது 61. மற்றவர்களுக்கு டியூஷன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கைக்கேற்ற பட்டை சுற்றி, இரண்டு கையிலும் பார்த்தார் நர்ஸ் அம்மா. இரண்டுக்கும் வித்தியாசம் 10-க்கு மேல் போனால் திரும்பப் பார்த்தார். 13 வயதுக்கு மேல் 130/80 தாண்டினால் கவனிக்க வேண்டும். அதற்குக் கீழே வயது, உயரத்தை வைத்துப் பட்டியல் பார்க்க வேண்டும். முதல் நாள் நால்வருக்கு ஏறியிருந்தது. இரண்டு முறை வேறு நாளில் பார்த்ததில் மூவருக்கு இறங்கிவிட்டது, பயம்தான். ஒருவரை மருத்துவரிடம் அனுப்பினோம். அதற்கு மேல் அந்த வீட்டார் விஷயம்.

டகாயசு யாருக்கும் இல்லை. "அப்போ 4,350 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?" என்று குழுவில் கேட்டார்கள். கோலப்போட்டிக்கு 6,000 செலவானது, அதில் என்ன கிடைத்தது என்று நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாக வரவும் செலவும் ஏறக்குறைய நிகர். வங்கியில் ஓரளவு இருப்பு உள்ளது. ஒரு 340 ரூபாய் மட்டும் இடிக்கிறது, மோர் செலவா பொட்டலச் செலவா என்று பார்த்து வருகிறோம். 112 வீடுகளில் வருடச் சந்தா 600 கட்டியவை 58. சென்ற ஆண்டு 71. குறைந்த 13 வீடுகளில் கோபம் எத்தனை, மறதி எத்தனை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இடம் கொடுத்த பிள்ளையார் கோயில் நிர்வாகத்துக்கும், மேசை நாற்காலி தந்தவர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. நர்ஸ் அம்மாவுக்கு இங்கே ஒரு வரியில் நன்றி சொல்லி முடியாது.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்ததும் ஜூனில் மறுபடி முகாம் வைக்கலாம் என்பது என் எண்ணம். நர்ஸ் அம்மாவுக்கு முழங்கால் வலி; கருவி பிடிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் வேண்டும். பெரிய பட்டையில் காற்று கசிகிறது, மாற்ற வேண்டும். வரும் மாதங்களில் செவ்வாயும் மருத்துவமனை நாளும் போக மீதி நாள்தான் எனக்குச் சொந்தம். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே தருகிறேன். கருவியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் இருப்பேன். ரசீதுப் புத்தகம் பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்