நகரமெங்கும் கேமரா: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கையால் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய் என்பதைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். மாலை நேரம் முழுவதும் அவனோடு போய்விடுகிறது. பகலில் படிக்கவும் எழுதவும் நேரம் இருக்கிறது. அதனால் இந்தப் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நகர நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஊர் முழுக்கக் கேமரா வைத்து ஒரே கட்டுப்பாட்டு அறையில் இணைக்கப்போகிறார்கள் என்றும், "குற்றமும் குறையும், நெரிசலும் குறையும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறாய். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய். யோசிக்க நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதில்.

உன் தம்பியின் விபத்தை மனதில் வைத்துத்தான் நீ கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இரவில் இடித்துவிட்டு நிற்காமல் போன அந்த வண்டி இன்றுவரை அகப்படவில்லை. அந்தச் சாலைச் சந்திப்பில் கேமரா இருந்தது. மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்து முடித்து நீங்கள் பதிவைக் கேட்கப் போனபோது, அதன் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது என்று கைவிரித்தார்கள். அதை நினைத்தால் எனக்கே இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே இல்லாமல் போனது கேமரா அல்ல. விபத்து என்று தகவல் வந்த உடனே அந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுத்து வைக்க ஒரு ஆள் இல்லை. எடுத்து வைக்கச் சொல்லும் விதி இல்லை. கேமராக் கம்பங்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் இந்த இரண்டும் தானாக வந்துவிடாது.

பதிவு கிடைத்திருந்தால்கூட என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். இதை எந்த விற்பனையாளரும் உங்கள் குழுவிடம் விளக்கமாட்டார் என்பதால் சொல்கிறேன். கேமராவில் ஓர் ஆள் எவ்வளவு தெளிவாகத் தெரிவார் என்பதற்கு 2014ல் வந்த சர்வதேசத் தரநிலையில் ஒரு கணக்கு உண்டு. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள், கிடைத்தால் ஆள் இருக்கிறார் என்பது தெரியும். ஏற்கெனவே அறிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காண 250 வேண்டும். சாதாரண முழு எச்டி கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் எட்டு மீட்டர்கூட வராது. அதே கேமராவை 40 மீட்டர் அகலமுள்ள சந்திப்பு முழுவதையும் காட்டும்படி திருப்பினால், மீட்டருக்கு 48 பிக்சல்தான். ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் நேராக அடித்தால் நம்பர் பிளேட் வெள்ளைத் தீற்றலாகிவிடும். நம்பர் பிளேட்டைப் படிக்கவென்றே தனிக் கேமரா உண்டு. அகச்சிவப்பு விளக்கும் மிகக் குறைந்த ஒளிவாங்கும் நேரமும் கொண்டது, ஒரு தடத்தை மட்டும் குறுகலாகப் பார்க்கும். சந்திப்பை முழுதாகக் காட்டும் கேமராவும் நம்பரைப் படிக்கும் கேமராவும் செய்வது வேறு வேறு வேலை. "மொத்தம் எத்தனை கேமரா" என்று மட்டும் சொல்லும் திட்ட அறிக்கை இந்த வித்தியாசத்தை மூடி மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு கம்பமும் எதற்காக என்று கேள்.

குற்றம் குறையுமா? கொஞ்சம் குறையும், எல்லாக் குற்றமும் அல்ல. நாற்பது ஆண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2019ல் வெளிவந்தது. கேமரா வைத்த இடங்களில், வைக்காத இடங்களோடு ஒப்பிடும்போது, குற்றங்கள் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருந்தன. வாகன நிறுத்துமிடங்களில் பலன் மிகுதி. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது புரிகிறது: வண்டியைத் திருட வருகிறவன் மேலே நிமிர்ந்து பார்ப்பான், குடிவெறியில் கைகலப்பில் இறங்குகிறவன் பார்க்கமாட்டான். ஆள் உட்கார்ந்து நேரடியாகக் கவனித்து, உடனே ரோந்துக்குத் தகவல் சொன்ன இடங்களில் பலன் கூடியது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

அந்த ஆளைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. கட்டுப்பாட்டு அறைப் படங்களில் பெரிய திரைச்சுவர் பளிச்சென்று தெரியும். அதன் முன்னால் இரவுப் பணியில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் விமானப்படையின் ரேடார் பணியாளர்களுக்காக நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். கடிகார முள் போன்ற ஒன்று சீராகத் துள்ளிக்கொண்டே போகும்; எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல். அதைக் கண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. 1948ல் வெளியான முடிவு இது. இன்றும் ஒரே ஆளிடம் பல திரைகளைக் கொடுத்துப் பணிநேரம் முழுவதும் பார் என்கிறோம். என்னோடு வேலை செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனிதக் கண்ணுக்கு இயலாததை அவர்களிடம் கேட்டோம். எத்தனை திரைக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு, எந்த எச்சரிக்கை வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்.

போக்குவரத்து விஷயத்தில் நான் உன் பக்கம்தான். ஒரு சந்திப்பில் பழுதாகி நின்ற லாரியைச் சில நிமிடங்களில் பார்த்துவிட்டால், பின்னால் மூன்று சந்திப்புகள் அடைபடாமல் காப்பாற்றலாம். ஆம்புலன்சுக்கு வழி திறந்துவிடும்போது கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்போம். அந்த வேலையின் மீதான பற்று எனக்கு இன்றும் குறையவில்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 2010 ஏப்ரலில் பெருமழையும் நிலச்சரிவும் பல உயிர்களைப் பலிகொண்ட பிறகு, அந்த ஆண்டின் இறுதியிலேயே ஒரு செயல்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். ஏறத்தாழ முப்பது துறைகளின் ஆட்கள் ஒரே கூடத்தில். எனக்கு அதில் பிடித்தது திரை அல்ல. வடிகால்காரரும் போக்குவரத்துக்காரரும் மீட்புப் படைக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள் என்பதுதான்.

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனி. சிக்னலை நேரத்துக்கு ஏற்ப மாற்ற, வண்டியில் இருப்பது யார் என்று தெரிய வேண்டியதே இல்லை. சிட்னியில் 1970களில் உருவான ஸ்கேட்ஸ் முறையும் பிரிட்டனில் உருவான ஸ்கூட் முறையும் சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருளை வைத்தே வண்டிகளை உணர்ந்து பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டிக் குறைத்தன. எண்ணிக்கை, வேகம், வரிசையின் நீளம் - இவ்வளவு போதும். இன்றைய கேமராவிலும் இந்தக் கணக்கைக் கம்பத்திலேயே போட்டு, எண்ணை மட்டும் மையத்துக்கு அனுப்பிவிட முடியும். பிறகு ஏன் நெரிசலைக் காரணம் காட்டி ஒவ்வொருவருடைய நம்பரையும் முகத்தையும் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டும்? இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் வற்புறுத்துவது இதைத்தான்: போக்குவரத்துக்கான கேமராவையும் காவல்துறைக்கான கேமராவையும் ஒரே திட்டத்தில், ஒரே பெயரில் போட்டுக் குழப்ப விடாதே.

குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் கொண்டுவந்தார்கள். நகர மையத்துக்குள் வரும் வண்டிகளின் நம்பரைக் கேமராக்கள் படித்தன. நோக்கம் கட்டணம் மட்டும். 2007ல், தேசியப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக, அதே கேமராக்களின் தகவலைக் காவல்துறை உடனுக்குடன் பார்க்க உள்துறை அமைச்சர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார். அது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் 2003ல் கட்டணம் கட்டியவர்கள் சம்மதித்தது இதற்கு அல்ல.

பிரிட்டனின் பர்மிங்காமில் நடந்தது இதைவிட மோசம். 2010ல், முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 218 கேமராக்களைப் பொருத்தினார்கள். அதில் 72 மறைவானவை. அக்கம்பக்கத்தாரிடம் பொதுவான குற்றத்தடுப்பு என்று சொன்னார்கள். பணம் வந்தது பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து. உண்மை வெளிவந்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு படம்கூடப் பதிவாகும் முன்பே கேமராக்களின் மேல் பிளாஸ்டிக் பைகளைப் போட்டுக் கட்டினார்கள். பிறகு கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். செலவான பணத்தைவிட, அந்தத் தெருக்களில் இழந்த நம்பிக்கைதான் பெரிய நஷ்டம். சாட்சி சொல்ல முன்வரும் மனிதர்தான் எந்தக் கேமராவையும்விடக் காவல்துறைக்கு உதவி. அவரைப் பகைத்துக்கொண்டு என்ன பாதுகாப்பு?

முகமறிதல் மென்பொருளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கடைத் திருட்டுப் பதிவின் மங்கலான படத்தை மென்பொருளில் போட்டார்கள். அது காட்டிய ஒருவரை 2020 ஜனவரியில் அவருடைய வீட்டு வாசலில், மனைவியும் சிறு மகள்களும் பார்த்துக்கொண்டிருக்க, விலங்கிட்டு அழைத்துப்போனார்கள். ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். அந்தப் படத்தில் இருந்தவர் அவர் அல்ல. 2024ல் அந்த நகரம் அவரோடு சமரசம் செய்துகொண்டபோது, மென்பொருளின் முடிவை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது என்ற விதி வந்தது. சான்பிரான்சிஸ்கோ 2019லேயே தன் துறைகள் இதைப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பொது இடங்களில் காவல்துறை நேரலையில் முகம் தேடுவதைச் சில விதிவிலக்குகளோடு தடுத்திருக்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் டெண்டரில் "எதிர்காலத்தில் முகமறிதலுக்கு ஏற்றதாக" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து, தனி விவாதமும் தனி அனுமதியும் இல்லாமல் கூடாது என்று எழுதச் சொல்.

பாதுகாப்புக்காக வைத்த வலையமைப்பையே பாதுகாக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 2016ல் மிராய் என்ற தீநிரல் (கேடு செய்யும் கணினி நிரல்), ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட இணையக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருமளவில் பிடித்துக்கொண்டு, பெரிய இணையதளங்களை முடக்கியது. 2017 ஜனவரியில், அமெரிக்க அதிபர் பதவியேற்புக்குச் சில நாட்கள் முன்பு, வாஷிங்டன் காவல்துறையின் 187 பதிவுக் கருவிகளில் 123ஐப் பணம் கேட்டு மிரட்டும் தீநிரல் ஒன்று பூட்டிவிட்டது.

பராமரிப்பைச் சொல்லாமல் விட முடியாது. திறப்பு விழா அன்று எல்லாக் கேமராவும் வேலை செய்யும். அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி கூடும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், இரவெல்லாம் திரையில் வலைதான் தெரியும். சாலை தோண்டுகிறவர்கள் கண்ணாடியிழைக் கேபிளை அறுத்துவிடுவார்கள். மரக்கிளை வளர்ந்து சிக்னலை மறைக்கும். ஒரு கேமராவின் கடிகாரம் நான்கு நிமிடம் பிசகியிருந்தால், அடுத்த சந்திப்புக் கேமராவோடு ஒப்பிட்டு ஒரு வண்டியின் பாதையைக் கோக்கவே முடியாது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பதும் அந்த நான்கு நிமிடத்தைத்தான். ஆகவே வாங்கும் விலையைப் பார்க்காதே, ஐந்தாம் ஆண்டில் துடைக்கவும் பழுது பார்க்கவும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார். இன்று எத்தனை கேமரா உயிரோடு இருக்கிறது என்பதை மாதந்தோறும் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடச் சொல். ஒப்பந்ததாரருக்குப் பணம் அந்தக் கணக்கின்படி போகட்டும்.

பதிவை எத்தனை நாள் வைப்பது என்பதில் உனக்கும் எனக்கும் சண்டை வரலாம். உன் மனம் "வருடக்கணக்கில் வை" என்று சொல்லும். நான் சொல்வது: எல்லாருடைய பதிவும் 30 நாளில் அழியட்டும், ஆனால் விபத்து, புகார் என்று ஒரு தகவல் வந்ததும் அந்த இடத்துப் பதிவு அன்றைக்கே பூட்டி வைக்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவரின் குடும்பம் ஒரு பக்க மனுவில் அதைக் கேட்கும் உரிமை வேண்டும். யார் எந்தப் பதிவைத் திறந்து பார்த்தார் என்பதும் தனியே பதிவாக வேண்டும். இப்படி ஒரு விதி அன்றைக்கு இருந்திருந்தால், உன் தம்பிக்காக நீ அலைந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

வரைவு ஒப்பந்தத்தின் பராமரிப்பு இணைப்பையும், கேமரா இடங்களின் பட்டியலையும் எனக்கு அனுப்பு. ஒவ்வொரு சந்திப்பாகக் குறிப்பெழுதி உன் அடுத்த கூட்டத்துக்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறேன். குழுவில் மற்றவர்கள் யார் யார், அவர்களில் இதைக் காதுகொடுத்துக் கேட்கக்கூடியவர் யார் என்றும் எழுது. தம்பியின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? அண்ணியிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்