பெண்கள் அணிக்குத் தனி அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றதிலிருந்து, விளையாட்டில் ஆண் பெண் சமத்துவம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கிறது. அதிலும் பாதிக் கணக்குத்தான் வெளியே வருகிறது. 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தைச் சமமாக்கியது உண்மை: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஆனால் 2024 முழுவதும் நம் பெண்கள் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுடன். ஆடக் கிடைக்காத டெஸ்டுக்கு ஊதியம் எப்படி வரும்? 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் பெண்களுக்கான உச்சத் தொகை 50 லட்சம். ஆண்களுக்கு 7 கோடி.

இதைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்தது பள்ளி மைதானத்தைப் பற்றி. அங்கே உள்ள ஏற்றத்தாழ்வை அளக்க ஒரு டேப் போதும்.

சீனியர் பெண்களுக்கு வாலிபால் வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. பல பள்ளிகளில் கம்பத்தில் ஒரே கொக்கிதான். அதுவும் பையன்கள் உயரத்தில். பெண் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் 19 செ.மீ கூடுதல் உயரத்தில் அடித்துப் பழகுகிறார்கள். பந்தைத் தூக்கி அடிக்கும் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது. குறுவட்டப் போட்டியில் சரியான வலை முன்னால் நிற்கும்போது அதே அடி கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. ‘பொண்ணுங்களுக்கு ஸ்மாஷ் வராது’ என்று சொல்லிவிடுகிறார்கள். 19 செ.மீ கீழே இன்னொரு கொக்கியை வெல்டிங் வைத்தால் தீர்கிற விஷயம் இது. உயரத்தை ஆடுகளத்தின் நடுவில் அளக்க வேண்டும். கம்பத்தோரம் அளந்தால், தொய்ந்த வலை ஏமாற்றிவிடும்.

பந்திலும் இப்படித்தான். பெண்கள் கூடைப்பந்து 6-ஆம் எண், ஆண்களுடையது 7. பெண்கள் ஈட்டி 600 கிராம், ஆண்களுடையது 800. இருப்பது ஒன்றுதானே என்று 800 கிராம் ஈட்டியைக் கையில் கொடுத்தால், பிள்ளை முழங்கையைத் தாழ்த்தித் தள்ளி எறியத் தொடங்குகிறது. பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. முழங்கையின் உட்பக்க வலியும் கூடவே வந்துவிடும். விளையாட்டுச் சாமான் வாங்கும் பட்டியலில் ‘கூடைப்பந்து 4’ என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் 7-ஆம் எண்ணைத்தான் அனுப்புவார். எண்ணையும் எடையையும் எழுதியே ஆக வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது முழங்கால். கபடி, கூடைப்பந்து, கால்பந்து போன்ற திடீரென்று நின்று திரும்பும் ஆட்டங்களில், ஏ.சி.எல். என்னும் முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழியும் ஆபத்து பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, குதித்து இறங்கும்போதோ திரும்பும்போதோ கிழிகிறது. இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாய்வது ஒரு முக்கியக் காரணம். கண்டுபிடிப்பது எளிது: ஓரடி உயரப் பெட்டியிலிருந்து குதிக்கச் சொல்லி, எதிரே நின்று செல்போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று தேடிப் போனால் அந்தப் பிள்ளைக்கு இப்போதே வேலை கொடுக்க வேண்டும்.

அந்த வேலைக்கு ஜிம் தேவையில்லை. பயிற்சிக்கு முன்னால் 15 முதல் 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். மெதுவோட்டம், ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), ஒற்றைக் காலில் குதித்து மூன்று விநாடி அசையாமல் நிற்பது, பக்கவாட்டில் குதிப்பது. பிறகு மண்டியிட்டு, தோழி கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்வது; தொடையின் பின்தசைக்கு இதைப் போல் வேறில்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று முறை செய்தாலே போதும், கூட்டினால் அடுத்த நாள் நடக்க முடியாது. ‘சத்தம் கேட்காமல் இறங்கு’ என்று சொன்னால் பிள்ளைகள் தாமாகவே முழங்காலை மடக்கி இறங்குகிறார்கள். போட்டிக்குப் பத்து நாள் முன்பு தொடங்கினால் பயன் இல்லை. எட்டு வாரமாவது வேண்டும், சீசன் முழுவதும் விடாமல் தொடரவும் வேண்டும். கிழிந்த லிகமென்ட்டுக்கு அறுவை சிகிச்சை செய்தால் மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ அப்படி அடிபட்ட பெண்ணை வீட்டில் மறுபடி ஆட விடுவதே அபூர்வம்.

உடையையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நாள்களில் கறை தெரியுமோ என்ற பயம் போக, வெள்ளைக் கால்சட்டையை அடர்நிறத்துக்கு மாற்றுங்கள். வெள்ளை உடை கட்டாயமான விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதித்துவிட்டது. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும். ஷூவைப் பெண்கள் அளவில் வாங்குங்கள். பையன்களின் சின்ன சைஸ் குதிகாலில் தளர்ந்து கொப்புளம் போடும்.

மைதான நேரம் பள்ளிக்குள்ளேயே தீர்க்கக்கூடியது. மாலை 4:30 மணிக்குப் பையன்கள் இறங்கி, அவர்கள் முடித்த பிறகு பெண்கள் என்றால், பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு இருபது நிமிடம்கூட மிஞ்சாது. திங்கள், புதன், வெள்ளி முதல் நேரம் பெண்களுக்கு, மற்ற நாள் பையன்களுக்கு என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். வாய்மொழி ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அடுத்த குறுவட்டப் போட்டிகளுக்கு முன்பு ஒவ்வொரு பள்ளியும் தன் வலையின் உயரம், பெண்கள் அளவுப் பந்துகள், ஈட்டிகளின் எண்ணிக்கை, பெண்களுக்கான மைதான நேரம், உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நாளிதழ் மாவட்டவாரியாக அதை வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி.