பாப்பாவுக்கு, அந்த ரெண்டு குட்டிங்க விஷயமா

அன்புள்ள பாப்பா,

நேத்து நீ அனுப்புன போட்டோவ அம்மாவும் நானும் எத்தன தடவ பாத்தோம்னு கணக்கே இல்ல, நாய்க்குட்டி உன் செருப்பு மேல தலைய வச்சு தூங்குது, பூனை ஜன்னல் திட்டுல உக்காந்து அத மொறச்சிட்டு இருக்கு. மனசுக்கு அவ்ளோ சந்தோஷம். போன்ல எதுவும் சொல்லல, நீ இருந்த குஷில சொல்ல வாய் வரல, ஆனா சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது, அதான் எழுதுறேன்.

நம்ம நாய் மணி ஒருத்தன கடிச்ச விஷயம் உனக்கு பாதிதான் தெரியும், நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. பார்சல் கொண்டு வந்த பையன மணி துரத்துச்சு, கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு, அவ்ளோதான் உன்கிட்ட சொன்னோம். சொல்லாதது என்னன்னா, நம்ம கேட்டோட கொண்டி மூணு வாரமா சரியா விழல, காத்தடிச்சாலே தானா தொறந்துக்கும், அது எனக்கு நல்லா தெரியும். ஒரு கயித்த சுத்தி வச்சிட்டு ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னே மூணு ஞாயிறு போயிடுச்சு. அன்னைக்கு கயிறு தளந்து கெடந்திருக்கு. அந்தப் பையன் பெல் அடிக்க கேட்டுல கைய வச்சான், கதவு தொறந்துக்கிச்சு, நான் செருப்ப மாட்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

குழாயடில உக்கார வச்சு சோப்பு போட்டு கழுவுனேன், 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவணும்னு எங்கயோ படிச்சது மட்டும் ஞாபகம் இருந்துச்சு, கழுவ கழுவ தண்ணி செவப்பா ஓடுது, அவன் பல்ல கடிச்சிட்டு உக்காந்திருக்கான், உன் வயசு இருக்கும். ஆஸ்பத்திரில கேட்ட மொத கேள்வி, நாய்க்கு ஊசி போட்டாச்சா, கார்டு எங்க. கார்ட எடுத்து பாத்தா ரேபிஸ் ஊசி போட வேண்டிய தேதி தாண்டி ரெண்டு மாசம் ஆகியிருக்கு. அந்தப் பையன் என்னை நிமிந்து ஒரு பார்வ பாத்தான், அத இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல பாப்பா.

அவனுக்கு ஊசி ஆரம்பிச்சிட்டாங்க, மணிய பத்து நாள் கட்டிப்போட்டு கவனிக்கணும்னாங்க. கடிச்ச நேரத்துல எச்சில்ல கிருமி இருந்திருந்தா அந்த பத்து நாளுக்குள்ள நாய்க்கு நோய் தெரிஞ்சிடும், அதுக்குத்தான். அந்த பத்து நாளும் காலைல எந்திரிச்ச உடனே மணி தண்ணி குடிக்குதான்னுதான் பாப்பேன். ரேபிஸ் வந்து அறிகுறி தெரிஞ்சிட்டா அநேகமா யாரும் பொழைக்கறதில்ல, உலகத்துல மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் நாய் மூலமாத்தான் வருதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. நல்ல வேளை, மணிக்கு ஒன்னும் ஆகல, அந்தப் பையனுக்கும் ஒன்னும் ஆகல.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. நான் தைரியமாத்தான் போனேன், நாம கேட்டுல நாய் ஜாக்கிரதைன்னு போர்டு வச்சிருந்தோமே. நம்ம வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா, சார் அந்த போர்டு உங்கள காப்பாத்தும்னு நம்பாதீங்க, நாய் கடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு காட்ட அதையே அவங்க எடுத்து வைக்கலாம்னார். சில நாட்டு சட்டத்துல நாய் கடிச்சா ஓனர் மேல தப்பு இருக்கோ இல்லயோ ஓனர்தான் பொறுப்பு, பேச்சே கெடையாது. மத்த எடத்துல ஓனருக்கு தெரியுமா, தெரிஞ்சு என்ன செஞ்சாருன்னு கேப்பாங்க. இது புதுசு இல்லம்மா, கி.மு. 18ம் நூற்றாண்டுல பாபிலோன் ராஜா ஹம்முராபி போட்ட சட்டத்துலயே இருக்கு, முட்டுற மாடுன்னு சொல்லியும் கொம்ப மழுக்காம கட்டியும் போடாம ஒருத்தன் விட்டு, அது ஒரு ஆள கொன்னுட்டா அவன் அரை மினா (மினாங்கறது அந்தக் கால எடை) வெள்ளி குடுக்கணும்னு. தெரிஞ்சும் விட்டான்ங்கறதுதான் அதுல குத்தம். எனக்கும் கொண்டி தெரிஞ்சுதானே இருந்துச்சு. வைத்திய செலவு, அவன் வேலைக்கு போக முடியாத நாளுக்கு சம்பளம் எல்லாம் குடுத்து பேசி முடிச்சோம், குடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல, அது அவனுக்கு சேர வேண்டியது.

அதனால நீ மொதல்ல வாடகை அக்ரிமெண்ட எடுத்து படி. வீட்டுக்காரர் வாயால சரின்னு சொன்னது பின்னாடி நிக்காது, நாய் ஒன்னு பூனை ஒன்னு வச்சிக்க சம்மதம்னு எழுத்துல வாங்கிக்கோ. அடுத்தது பதிவு. நெறைய ஊர்ல நாய்க்கு லைசென்ஸ் எடுக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கழுத்துப்பட்டைல டோக்கன் தொங்கணும், உங்க ஊர் உள்ளாட்சி ஆபீஸ்ல நேர்ல போய் கேளு. ரேபிஸ் ஊசி சாதாரணமா குட்டிக்கு மூணு மாசம் ஆனதும் மொதல்ல போடுவாங்க, ஒரு வருஷத்துல திரும்ப, அதுக்கப்புறம் ஊசியப் பொறுத்தும் ஊர் சட்டத்தப் பொறுத்தும் மாறும், கார்டுல எழுதுற தேதிய அன்னைக்கே போன்ல அலாரமா போட்டுடு. மைக்ரோசிப், அதான் நாய் யாரோடதுன்னு கண்டுபிடிக்க வைக்கற சின்ன சில்லு, அத வைக்கச் சொன்னா பயப்படாத, அரிசி அளவுதான், தோலுக்கு அடியில ஊசியால வச்சிடுவாங்க. அதுல 15 இலக்க நம்பர் மட்டும்தான் இருக்கு, நாய் எங்க இருக்குன்னெல்லாம் காட்டாது. அந்த நம்பருக்கு எதுத்தாப்புல பதிவேட்டுல உன் பேரும் போனும் சரியா இருந்தாத்தான் பிரயோஜனம், வீடு மாறும்போது எல்லாரும் மறக்கறது இதத்தான்.

வெளிய கூட்டிட்டு போனா பெல்ட் உன் கையில இருக்கணும், கவர் உன் பாக்கெட்ல இருக்கணும், அள்ளாம வந்தா அபராதம் போடுற ஊர் நெறைய. ராத்திரி விடாம குலைச்சாலும் பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுக்கலாம், அது அவர் உரிமை. நீ வேலைக்கு போற நேரத்துல ஃப்ரெண்டு யாராவது நடக்க கூட்டிட்டு போனா, அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா உங்க ரெண்டு பேரையுமே கேப்பாங்க, இத அவங்ககிட்டயும் சொல்லிடு.

பூனைக்கு சட்டம் ரொம்ப நாளா கொஞ்சம் தளர்வாத்தான் இருந்துச்சு. 1926ல இங்கிலாந்துல ஒரு பூனை பக்கத்து வீட்டுப் புறாவையெல்லாம் கொன்னு கேஸ் கோர்ட்டுக்கு போச்சு, சுத்தறதும் வேட்டையாடறதும் பூனையோட இயல்பு, ஓனர் பொறுப்பில்லன்னு தீர்ப்பு. ஆனா இப்ப மாறிட்டு வருது. அதே இங்கிலாந்துல 2024 ஜூன் 10ல இருந்து வீட்டுப் பூனைக்கும் சிப் கட்டாயம், 20 வாரம் ஆகறதுக்குள்ள வச்சிடணும். ஆஸ்திரேலியாவுல கான்பெரா பக்கம் 2022 ஜூலை 1ல இருந்து பொறந்த பூனைங்கள வெளிய சுத்த விடவே கூடாது. அதனால பூனைதானேன்னு விட்டுடாத, ரேபிஸ் ஊசி அதுக்கும் உண்டு.

இன்னொன்னு சொல்லணும்மா. அடிக்கறது மட்டும்தான் கொடுமைன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. தண்ணி வைக்காம பூட்டிட்டு போறது, காயத்துக்கு வைத்தியம் பாக்காம விடறது, பால்கனில நாள் பூரா கட்டி வைக்கறது, இதெல்லாம் பல நாட்டு சட்டத்துல குத்தம். வீடு மாறும்போது தெருவுல விட்டுட்டு போறதும் குத்தம். நீ அப்படி செய்ய மாட்ட, தெரியும். ஆனா நாளைக்கு உனக்கு வேலை மாறலாம், கல்யாணம் ஆகலாம், வெளிநாடு போகலாம், அந்த ரெண்டும் பத்து பதினஞ்சு வருஷம் உன்கூட இருக்கும். அப்படி ஒரு நாள் முடியாம போச்சுன்னா எங்ககிட்ட சொல்லு, நானும் அம்மாவும் வச்சிக்கறோம், வெக்கப்படாம சொல்லு.

உன் வீட்டு கேட் கொண்டிய நல்லா ஆட்டிப் பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, ஊசி கார்டையும் சேத்து அனுப்பு. சரியா விழலன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் வைக்காத, இன்னைக்கே ஆள வச்சு மாத்து, காசு நான் போட்டு விடறேன்.

அப்பா